வாசகர் கேள்வி – பதில்: பேரவையில் ஒரு நாள்

பேரவைக் கூட்டத்தொடர் நடக்கும் காலங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருக்கும். ஆகவே இந்த இதழில் வேறு பொருள் எதையும் எடுத்துக்கொள்ளாமல், புதுச்சேரி, கடலூர், காரைக்கால் வாசகர்கள் சட்டப்பேரவை பற்றி எழுப்பிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வகுப்பு மாணவிகளைப் புதுச்சேரி சட்டப்பேரவைக்கு அழைத்துச் சென்றார்கள். சபாநாயகர் திருக்குறள் வாசித்துச் சபையைத் தொடங்கியது புரிந்தது. அதன்பின் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அமர்ந்தார்கள். அமைச்சர்கள் எதையோ படித்தார்கள். சிறிது நேரத்தில் எதிர்க்கட்சியினர் முழக்கமிட்டுக்கொண்டே வெளியேறிவிட்டார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் பார்த்தது என்ன?
– கல்லூரி மாணவி, லாசுப்பேட்டை, புதுச்சேரி.

பதில்: நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி கேள்வி நேரம். உறுப்பினர்கள் கையில் அன்றைய வினாப் பட்டியல் இருந்தது. பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்த உங்கள் கையில் அது இல்லை. உங்களுக்குப் புரியாமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான். கேள்வி முழுவதும் பட்டியலில் அச்சாகியிருப்பதால், தன் முறை வந்ததும் உறுப்பினர் வினா எண்ணை மட்டும் சொல்லி அமர்ந்துவிடுவார்; அமைச்சர் எழுந்து விடையை வாசிப்பார். அடுத்த முறை செல்வதற்கு முன் உங்கள் ஆசிரியர் யாராவது ஓர் உறுப்பினரிடம் கேட்டு அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை வாங்கி வகுப்பில் படித்துக் காட்டினால், அன்றைய காலை முற்றிலும் வேறாக இருக்கும்.

அந்தக் கேள்விகள் அன்று காலையில் முளைத்தவை அல்ல. உறுப்பினர் பல நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, பேரவைச் செயலகம் அதை நடைமுறை விதிகளோடு ஒத்துப் பார்த்து, சபாநாயகர் அனுமதித்து, உரிய துறைக்கு அனுப்பப்பட்டு, அங்கே எழுத்தர் முதல் செயலர் வரை பலருடைய கை பட்டு, அமைச்சரின் ஒப்புதலோடு விடையாகத் திரும்பி வந்தவை அவை. சபையில் வாய்மொழியாக விடை பெற வேண்டிய கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி இடுவார்கள். குறி இல்லாதவற்றுக்கு எழுத்தில் விடை வரும். கேள்வி (அ), (ஆ), (இ) என்று உட்பிரிவுகளாக இருக்கும், விடையும் அதே வரிசையில் வரும். “(அ) ஆம். (ஆ) அரசின் பரிசீலனையில் உள்ளது. (இ) இவ்வினா எழவில்லை” என்பது போன்ற விடைகளைக் கேட்டிருப்பீர்கள். முந்தைய உட்கேள்விக்குச் சொன்ன விடையால் அடுத்ததற்கு இடமில்லாமல் போயிற்று என்பதுதான் “எழவில்லை” என்பதன் பொருள்.

இது வரையில் எல்லாம் சடங்கு போலவே தோன்றும். நட்சத்திரக் குறியின் பயன் விடை வாசித்து முடிந்த பிறகு, உறுப்பினர் எழுந்து கேட்கும் துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் மாடத்தில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரம் இன்றும் நினைவில் இருக்கிறது. கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் எத்தனை மருத்துவர் பணியிடங்கள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை காலி என்பது கேள்வி. மூன்று பணியிடங்கள், காலி எதுவும் இல்லை என்று விடை வந்தது. உறுப்பினர் குரலை உயர்த்தவே இல்லை. “அந்த மூவரில் எத்தனை பேர் அந்த நிலையத்திலேயே பணிபுரிகிறார்கள் என்பதை அமைச்சர் தெரிவிப்பாரா?” என்று மட்டும் கேட்டார். சபை ஒரு கணம் அமைதியானது. அதிகாரிகள் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து நாலாக மடித்த துண்டுச்சீட்டு ஒன்று வந்தது. அமைச்சர் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, ஒருவர் மட்டும் அங்கே இருக்கிறார், மற்ற இருவரும் மாற்றுப்பணியில் வேறிடத்தில் இருக்கிறார்கள் என்றார். அந்த ஊர் மக்கள் பல மாதங்களாகச் சொல்லிவந்ததை அரசே சபையில் ஒப்புக்கொண்டு, அது அவைக் குறிப்பிலும் ஏறிவிட்டது. அதற்கு மேல் அந்த உறுப்பினர் பேச வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி நேரம் முடிந்ததும் பூஜ்ய நேரம் வரும். தமிழ்நாட்டில் இதை நேரமில்லா நேரம் என்பார்கள். முந்தைய நாள் நடந்த விபத்து, ஒரு தெருவில் வரும் கலங்கிய குடிநீர் போன்ற உடனடிப் பிரச்சினைகளைச் சுருக்கமாக எழுப்புவதற்கான இடம் அது. பிறகு அறிக்கைகளும் அறிவிக்கைகளும் சபையில் வைக்கப்படும்; கவன ஈர்ப்புத் தீர்மானம் இருந்தால் அமைச்சர் பதிலளிப்பார்; மசோதாக்கள் வரும். பட்ஜெட் கூட்டத்தொடராக இருந்தால், ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சபையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளின் மீது துறைவாரியாக விவாதம் நடக்கும். விவாதத்தில் உறுப்பினர் நீண்ட நேரம் பேசலாம். அமைச்சரும் நீண்ட நேரம் பதில் சொல்லலாம். சொல்லாமல் விட்டது எது என்பது அத்தனை பேச்சுக்கு நடுவே தெரியாமல் போய்விடும். இரண்டு வரித் துணைக் கேள்விக்கு முன்னால் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. மாடத்தில் கழித்த இத்தனை ஆண்டுகளில் நான் விவாதத்தைவிடக் கேள்வி நேரத்தை மேலாக மதிக்கத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

வெளிநடப்பு செய்வது எதிர்க்கட்சியின் உரிமை. கண்டனத்தைப் பதிவு செய்ய அதுவும் ஒரு வழி. ஆனால் கேள்வி நேரத்துக்கு முன்பே வெளியேறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டவர் இருக்கையில் இல்லாவிட்டால் பொதுவாக எழுத்து விடை மட்டுமே மிஞ்சும். துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு போய்விடும். அன்று அந்த மருத்துவர் கேள்வியைக் கேட்ட உறுப்பினர் அரை மணி முன்னதாக வெளியே போயிருந்தால், “மூன்று பணியிடங்கள், காலி இல்லை” என்பதே அரசின் விடையாக நின்றுபோயிருக்கும்.

கேள்வி: 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெண்ணையாற்று வெள்ளம் கடலூரிலும் பாகூர்ப் பகுதியிலும் ஒரே நேரத்தில் புகுந்தது. என் தங்கை வீடு பாகூரில் இருக்கிறது. இரண்டு குடும்பங்களும் ஒரே இரவில் தவித்தோம். ஒரே வெள்ளத்தைப் பற்றிச் சென்னையில் ஒரு பேரவையும் புதுவையில் ஒரு பேரவையும் தனித்தனியே பேசுவது ஏன்? சாத்தனூர் அணை திறப்பைப் பற்றிப் புதுவைப் பேரவையில் கேட்க முடியாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: முள்ளோடையைத் தாண்டி ரெட்டிச்சாவடிப் பக்கம் வரும்போது நாம் எல்லையைக் கடக்கிறோம் என்பதே பேருந்தில் வருபவருக்குத் தெரிவதில்லை. ஆற்றுக்கோ அது சுத்தமாகத் தெரியாது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நகரில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதை அடுத்து மேல்பகுதியிலிருந்து பெண்ணையாற்றில் வந்த வெள்ளம் ஆற்றின் இரு கரைகளிலும் ஊர்களை மூழ்கடித்தது. ஆறு ஒன்றுதான், ஆனால் ஆட்சிப் பொறுப்பு இரண்டு. பேரவையில் கேள்வி கேட்பதற்கான முதல் விதி, கேட்கப்படும் பொருள் அந்த அரசின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது. சாத்தனூர் அணை திருவண்ணாமலை மாவட்டத்தில், தமிழ்நாடு அரசின் பொறுப்பில் இருக்கிறது. அதை எந்த நேரத்தில், எவ்வளவு திறந்தார்கள், ஏன் திறந்தார்கள் என்று கேட்பதற்குரிய இடம் சென்னையில் கூடும் பேரவை. கடலூர் மாவட்டத்தின் 9 தொகுதி உறுப்பினர்களும் அங்கே அதைக் கேட்கலாம். புதுவையில் அதே கேள்வியை அனுப்பினால், எங்கள் அரசின் வரம்புக்கு உட்பட்டதல்ல என்று தள்ளிவிட வழி இருக்கிறது.

ஆனால் பாகூர் உறுப்பினர் வாயடைத்து உட்கார வேண்டியதில்லை. கேள்வியை அமைக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: (அ) அணையிலிருந்து நீர் திறக்கப்படுவது குறித்த எச்சரிக்கை புதுச்சேரி வருவாய்த் துறைக்கு எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கிடைத்தது? (ஆ) அது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எந்தெந்த ஊர்களுக்கு, எத்தனை மணிக்கு, எந்த வழியில் தெரிவிக்கப்பட்டது? (இ) கரையோரக் குடும்பங்களை வெளியேற்ற எத்தனை வாகனங்கள் அனுப்பப்பட்டன? இவை மூன்றும் புதுவை அரசின் பொறுப்பு. விடை சொல்லாமல் தப்ப முடியாது. எச்சரிக்கை கிடைத்த நேரத்துக்கும் ஊரில் அறிவித்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி விடையிலேயே தெரிந்துவிடும். துணைக் கேள்வி அந்த இடைவெளியைப் பற்றியதாக இருக்கும். அதே நேரத்தில் கடலூர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் சென்னையில் எச்சரிக்கை அனுப்பிய நேரத்தைக் கேட்டுப் பெற்றால், இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். கட்சி வேறாக இருந்தாலும் எல்லையின் இருபுறத்து உறுப்பினர்கள் இப்படிப் பேசி வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. உங்கள் வீட்டுக்கும் உங்கள் தங்கை வீட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட அது பெரிய தூரமாக இருக்கக் கூடாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பேரவைக்கு 234 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். புதுவைக்கு 30 பேர். உங்கள் பக்கம் ஒரு தொகுதியில் வாக்காளர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். புதுவையில் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம். சிறிய சபையில் ஓர் உறுப்பினரின் முறை சீக்கிரம் வருகிறது. சின்ன வாய்க்காலும் ஒற்றைத் தெருவிளக்கும்கூடக் கேள்வி ஆகின்றன. இதைப் பஞ்சாயத்துப் பேச்சு என்று சிலர் குறைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளம் வந்த இரவில் வாய்க்கால் எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: காரைக்காலுக்கு 5 இடங்கள்தான். புதுவைப் பகுதிக்கு 23. எங்கள் குரல் அங்கே எடுபடுகிறதா? மாஹே, ஏனாம் உறுப்பினர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள்?
– வாசகர், திருநள்ளாறு, காரைக்கால்.

பதில்: கேரளத்துக்குள் இருக்கும் மாஹேக்கும் ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமுக்கும் ஒவ்வோர் இடம். அந்த இருவரோடு ஒப்பிட்டால் காரைக்காலின் ஐவர் வலுவானவர்கள்தான். வாக்கெடுப்பில் 23க்கு முன் 5 சிறிது. ஆனால் கேள்வி நேரத்தில் எண்ணிக்கை பார்ப்பதில்லை, ஒருவர் எழுந்து நின்றால் போதும். ஆகவே தொலைவில் இருக்கும் பகுதிகளுக்கு அந்த நேரம் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

மொழியைப் பொறுத்தவரை, 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ் ஆட்சிமொழி, மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் பயன்படலாம், ஆங்கிலமும் தொடர்கிறது. சபையில் தன்னைச் சரிவர வெளிப்படுத்த முடியாத உறுப்பினர் தாய்மொழியில் பேச சபாநாயகர் அனுமதிக்கலாம். இந்தச் சபைக்கு முன்னோடியாக இருந்த பிரதிநிதித்துவ சபை 1946இல் 44 உறுப்பினர்களோடு பிரெஞ்சு ஆட்சியின் கீழ் உருவானது. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர் இந்தியாவோடு சேர்ந்த பிறகு 39 ஆயிற்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. 1963 ஜூலை 1 முதல் அந்தப் பிரதிநிதித்துவ சபை இன்றைய சட்டப்பேரவையாக மாறியது. பிரான்சுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று ஒரு பிரிவு இருந்தது. எந்த மொழியில் ஆள வேண்டும் என்பதைக்கூட மக்களின் சபையே சொல்ல வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் எழுதி வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: மற்ற மாநிலங்களில் ஏப்ரலுக்கு முன்பே பட்ஜெட் முடிந்துவிடுகிறது. நம் ஊரில் சில ஆண்டுகள் ஆகஸ்ட் வரை இழுப்பது ஏன்? வியாபாரிகளான எங்களுக்கு இது நேரடியாக இடிக்கிறது.
– கடை உரிமையாளர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி.

பதில்: பாரதி பூங்காவின் ஓரத்தில் பேரவை இருக்கிறது, அதே பூங்காவைப் பார்த்தபடி துணைநிலை ஆளுநரின் மாளிகையாக இருந்துவந்த ராஜ் நிவாஸ் கட்டடம் இருக்கிறது. நடந்து போனால் சில நிமிடம்தான். ஆனால் பட்ஜெட் அந்தப் பூங்காவைச் சுற்றி மட்டும் போய் வருவதில்லை; டெல்லிக்கும் போய் வர வேண்டும். மாநிலப் பேரவைகள் அரசியல் சட்டத்திலிருந்து நேரடியாகப் பிறந்தவை. புதுவைப் பேரவையோ, அரசியல் சட்டத்தின் 239ஏ பிரிவு தந்த அதிகாரத்தைக் கொண்டு நாடாளுமன்றம் இயற்றிய 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்திலிருந்து பிறந்தது. அந்தச் சட்டப்படி, ஆண்டு நிதிநிலை அறிக்கையைச் சபையில் வைப்பதற்கு முன் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நடைமுறையில் அது மத்திய அரசின் ஒப்புதல். அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தாலும் முடிவுக்காக டெல்லியைத்தான் பார்க்க வேண்டும்.

2022இல் ஆகஸ்ட் மாதம் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகும் ஒப்புதலுக்காகக் காத்திருந்து, 10,696 கோடி ரூபாய்க்கான பட்ஜெட் ஆகஸ்ட் 22 அன்று தாக்கல் ஆனது. அடுத்த ஆண்டு 11,600 கோடி ரூபாய்க்கான முழு பட்ஜெட் மார்ச் மாதமே வந்தது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு அதுவே சான்று. தாமதமாகும் ஆண்டுகளில் சில மாதச் செலவுக்கு மட்டும் மார்ச்சில் சபையின் அனுமதி பெறுகிறார்கள். புதிய திட்டங்கள், ஒப்பந்தப் பணிகள், நிலுவைத் தொகைகள் எல்லாம் காத்திருக்கின்றன. ஒப்பந்தக்காரருக்குப் பணம் வராவிட்டால் உங்கள் கடையில் சிமெண்டும் கம்பியும் கடனில் நிற்கும் என்பதைத்தான் ‘இடிக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். சபையின் பக்கம் நடக்கும் இழப்பு வேறு. ஆகஸ்டில் வரும் பட்ஜெட்டின் மீது செப்டம்பரில் விவாதித்தால் நிதியாண்டில் பாதி போய்விடுகிறது. உறுப்பினர் சொல்லும் திருத்தத்துக்குப் பயன் குறைந்துவிடுகிறது.

கேள்வி: தேர்தலில் நிற்காத நியமன உறுப்பினர்கள் ஆட்சியைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் பங்கேற்பது முறைதானா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: சட்டப்படி முறைதான். 1963ஆம் ஆண்டுச் சட்டம், 3 பேருக்கு மிகாமல் மத்திய அரசு நியமிக்கலாம் என்கிறது. அவர்களை நியமிக்கப் புதுவை அமைச்சரவையின் பரிந்துரை தேவையில்லை, அவர்களுக்கு வாக்குரிமையும் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 6 அன்று அளித்த தீர்ப்பில் உறுதி செய்துவிட்டது.

2021 பிப்ரவரி 22 அன்று அதன் எடை கண்முன் தெரிந்தது. உறுப்பினர்கள் சிலர் பதவி விலகியதால் சபை சுருங்கியிருந்தது. ஆளும் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர். எதிர்த்தரப்பில் 14 பேர். அவர்களில் 3 பேர் நியமனம் பெற்றவர்கள். முதலமைச்சர் வே. நாராயணசாமி நம்பிக்கைத் தீர்மானத்தின் மீது பேசிவிட்டு வாக்கெடுப்புக்கு முன் தம் அணியினரோடு வெளியேற, தீர்மானம் தோற்றதாகச் சபாநாயகர் அறிவித்தார். உறுப்பினர்களின் விலகலே முதல் காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களை மட்டும் எண்ணியிருந்தால் எதிர்த்தரப்பு 11தான் என்பதும் உண்மை. தீர்ப்பை மதிக்கிறேன், சட்டம் திருத்தப்பட்டு, ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பு மக்கள் வாக்குப் பெற்றவர்களிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எந்தக் கட்சி டெல்லியில் இருந்தாலும், எந்தக் கட்சி புதுவையில் இருந்தாலும் என் விருப்பம் இதுவே.

கேள்வி: மாநில அந்தஸ்து கேட்டு எத்தனை தீர்மானம் போட்டாலும் நடக்கவில்லையே?
– வாசகர், வில்லியனூர்.

பதில்: தீர்மானம் சபையின் கருத்து, சட்டம் அல்ல. புதிய மாநிலத்தை உருவாக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. 2023 மார்ச் 31 அன்று ஒருமனதாக நிறைவேறியதையும் சேர்த்து எத்தனை தீர்மானங்கள் போனாலும், டெல்லியில் மசோதா வராத வரை அவை கோரிக்கைகள்தான்.

கேள்வி: “ஆதரிப்போர் ஆம் என்க” என்று சபாநாயகர் சொல்லி முடிப்பதற்குள் மசோதா நிறைவேறியது என்கிறார்களே, யார் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?
– வாசகர், நெய்வேலி.

பதில்: குரல் வாக்கெடுப்பில் தெரியாது. முடிவை ஏற்காத உறுப்பினர் அந்த இடத்திலேயே எழுந்து எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பைக் கோரலாம். கோராமல் விட்டுவிட்டு, வெளியே வந்து பேட்டியில் எதிர்த்ததாகச் சொல்பவரின் பேச்சுக்கு அவைக் குறிப்பில் ஆதாரம் இருக்காது.

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பங்காரு வாய்க்காலில் எங்கள் ஊரை ஒட்டிய பகுதி தூர்ந்து கிடக்கிறது. இதைப் பற்றிப் பேரவையில் கேள்வி கேட்டார்கள் என்றும், ‘ஆவன செய்யப்படும்’ என்று அமைச்சர் பதில் சொன்னார் என்றும் பேப்பரில் படித்தேன். அந்தப் பேப்பரை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு நடவு முடிந்துவிட்டது, ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்கவில்லை. இனி நான் யாரைப் போய்ப் பார்ப்பது?
– விவசாயி, பாகூர்.

பதில்: ஐயா, அந்தப் பேப்பரைப் பத்திரமாக வைத்திருங்கள், அதில் தேதி இருக்கிறது, இனிமேல் எல்லாவற்றுக்கும் அதுதான் பிடி. அமைச்சர் சபையில் “ஆவன செய்யப்படும்”, “பரிசீலிக்கப்படும்”, “விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்” என்று சொல்வது மரியாதைப் பேச்சு அல்ல. அவை அரசு சபைக்குத் தந்த உறுதிமொழிகள். அப்படிச் சொன்னவை நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே பேரவையில் உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களவையில் உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நடைமுறை. பேரவைக் குழுவும் துறை அதிகாரிகளை அழைத்து, ஏன் நடக்கவில்லை என்று கேட்கலாம். ஆனால் குழுவுக்கு நினைவூட்ட ஆள் வேண்டும்.

நானும் இதே வழியில் நடந்திருக்கிறேன். எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் பற்றிக் கேள்வி வந்து, உறுதியான விடையும் வந்து, மூன்று மழைக்காலம் போனது. பிறகு விடையின் அச்சுப் பிரதியை வாங்கி, வினா எண்ணையும் தேதியையும் மேலே எழுதி, துறை அலுவலரின் மேசையில் வைத்தேன். அதுவரை ‘நிதி இல்லை’ என்றவர் கோப்பைத் தேடத் தொடங்கினார். வாய்வார்த்தையாகப் போய்ச் சொன்ன நாட்களில் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தத் தேதியைக் காட்டி, அன்றைய கேள்வி – விடையின் பிரதியை உங்கள் சட்டமன்ற உறுப்பினர் மூலம் பேரவைச் செயலகத்திலிருந்து பெறுங்கள். பேப்பரில் வந்தது சுருக்கம். சொன்ன சொல் எது என்பது பிரதியில்தான் இருக்கும். வாய்க்கால் விஷயத்தில் இது மிகவும் முக்கியம். பங்காரு வாய்க்காலின் தொடக்கம் தமிழ்நாட்டுப் பக்கத்தில், சொர்ணாவூர் அணைக்கட்டில் இருக்கிறது. தண்ணீர் அங்கே பெண்ணையாற்றிலிருந்து பிரிந்து பாகூர் ஏரிக்கு வருகிறது. அமைச்சர் சொன்னது புதுவை எல்லைக்குள் இருக்கும் பகுதியைப் பற்றியா, மேலே உள்ள பகுதியைப் பற்றித் தமிழ்நாட்டுக்குக் கடிதம் எழுதுவதைப் பற்றியா என்று பாருங்கள். இரண்டுக்கும் கேட்க வேண்டிய இடம் வேறு.

பிரதி கையில் வந்ததும் இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று, உறுதிமொழிக் குழுவின் கவனத்துக்கு இதைக் கொண்டு போகும்படி உங்கள் உறுப்பினருக்கு. மற்றொன்று, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய்க் கட்டணத்தோடு, நீர்ப்பாசனப் பணியைக் கவனிக்கும் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. அதில் குறையைச் சொல்லாதீர்கள், கோபத்தையும் எழுதாதீர்கள். எங்கள் ஊரை ஒட்டிய பகுதிக்கு மதிப்பீடு தயாரான தேதி, நிர்வாக ஒப்புதல் கிடைத்த தேதி, ஒப்பந்தப்புள்ளி கோரிய தேதி என்று மூன்று தேதிகளை மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் விடை தர வேண்டும். மூன்றில் எந்தத் தேதி இல்லையோ அந்த மேசையில்தான் உங்கள் வாய்க்கால் நிற்கிறது.

விடை வந்ததும் அதன் நகலை எனக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த கூட்டத்தொடர் அறிவிப்பு வருவதற்குள் உங்கள் உறுப்பினர் கேட்க வேண்டிய துணைக் கேள்வியை நாம் இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்துவிடலாம்.